குடோனுக்குக் கேமராவா, வைஃபையா? மாமாவுக்காக நான் போட்ட கணக்கு

எங்கள் மாமாவின் ஜவுளி குடோன் மதுரையில் பத்துத்தூண் சந்துக்குப் பின்னால் இருக்கிறது. அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், ஒரு தள்ளுவண்டி நின்றால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். கட்டடங்களும் அப்படித்தான், சுவரோடு சுவர், பாதி பழைய சுண்ணாம்புக் காரை, மேலே சில இடத்தில் ஓடு, சில இடத்தில் தகரம். போன வருடம் அதே வரிசையில் இரண்டு கட்டடம் தள்ளி ஒரு குடோனில் களவு போனது. அங்கே கேமரா இருந்தது, நல்ல கேமராதான், ஆனால் வந்தவன் தகரத்தைப் பிரித்து மேலிருந்து இறங்கி, சேலைக் கட்டுகளை அதே வழியாக ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். கேமரா விடிய விடிய மூடிய ஷட்டரைத்தான் படம் பிடித்து வைத்திருந்தது.

அந்தப் பதிவை மாமாவும் உட்கார்ந்து பார்த்தார். அன்றோடு அவருக்குக் கேமரா மேல் இருந்த மரியாதை போய்விட்டது. அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு வீடியோவை அவருடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டார்கள்.

"மாப்ளே, வைஃபைய வச்சே சுவத்துக்கு அங்கிட்டு ஆள் நடமாடுறதக் கண்டுபிடிக்கலாமாம்ல? நம்ம குடோன்ல ரூட்டர் சும்மாதான கெடக்கு. அத வச்சே முடிச்சுவிடு. கேமராவுக்கு எதுக்குத் தண்டச் செலவு?"

கேமரா, நெட்வொர்க் மாட்டுவதுதான் என் பிழைப்பு என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார். குடோனோடு நிற்கவில்லை, செல்லூரில் தனியாக இருக்கும் அம்மாச்சி வீட்டுக்கும், சோழவந்தானில் இருக்கும் தோப்புக்கும் சேர்த்தே ஒரு வழி சொல்லு என்றார். மூன்று இடம், ஒரே மருந்து. வைத்தியரிடம் போய் இப்படிக் கேட்டால் விரட்டிவிடுவார். நான் மூன்று வாரம் டைம் கேட்டேன்.

அந்த வீடியோ பொய் இல்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வண்டியூர் தெப்பக்குளத்தில் தண்ணீர் நிற்கும்போது படிக்கட்டில் உட்கார்ந்து காலைத் தண்ணீருக்குள் விட்டுப் பாருங்கள். எங்கேயோ ஒரு கல் விழுந்தால் அலை நேராகவும் வரும், நடு மண்டபத்தில் பட்டுத் திரும்பியும் வரும், எதிர்ப் படியில் மோதியும் வரும், எல்லாம் கலந்துதான் உங்கள் காலில் படும். ஒரு ஆள் தண்ணீருக்குள் இறங்கி நடந்தால் அந்தக் கலவை மாறும். கண்ணைக் கட்டியிருந்தாலும் ஏதோ அசைகிறது என்று காலுக்குத் தெரிந்துவிடும். வைஃபையும் இதுதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் பன்னிரண்டரை செ.மீ., நம் உடம்பு பெரும்பாலும் தண்ணீர், ஆகவே ஒரு ஆள் குறுக்கே போனால் அலை கொஞ்சம் உறிஞ்சப்படும், கொஞ்சம் சிதறும், கொஞ்சம் வேறு பாதையில் போய்த் தாமதமாக வரும். போனில் நாம் பார்க்கும் சிக்னல் கோடு இதையெல்லாம் ஒரே எண்ணாகப் பிசைந்து கொடுத்துவிடுகிறது, அதை வைத்துப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் வைஃபை ஒரு சேனலை ஐம்பத்துச் சொச்சம் சிறு அலைவரிசைகளாகப் பிரித்துத்தான் அனுப்புகிறது. ஒவ்வொன்றும் எவ்வளவு பலத்தோடு, எவ்வளவு தாமதத்தோடு வந்து சேர்ந்தது என்ற கணக்கைத் தனித்தனியே எடுத்தால் ஒரு ஆள் நடப்பது அதில் பளிச்சென்று தெரியும். அந்தக் கணக்கைத்தான் சி.எஸ்.ஐ. என்கிறார்கள்.

2009-லேயே அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜோயி வில்சன், நீல் பட்வாரி என்ற இருவர் ஒரு வீட்டு அறையைச் சுற்றி 34 சிறு ரேடியோக்களை வைத்து, உள்ளே நடக்கும் ஆள் எங்கே இருக்கிறார் என்று வெளியிலிருந்தே காட்டினார்கள். 2013-ல் எம்.ஐ.டி.யில் டினா கட்டாபியும் ஃபாதெல் அதிப்பும் வைஃபை அலையை வைத்து மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பவர்களின் அசைவைப் பிடித்தார்கள். மாமா பார்த்த வீடியோ அனேகமாக 2022 கடைசியில் வந்த, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வைப் பற்றியது, அதில் மனித உருவம் கை கால் அசைவோடு திரையில் தெரியும். பார்ப்பதற்கு மந்திரம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் அங்கே அனுப்ப மூன்று ஆன்டெனா, வாங்க மூன்று ஆன்டெனா, அதோடு முதலில் கேமராவையும் கூடவே வைத்து, இந்த அலை வந்தால் இந்த உருவம் என்று கணினிக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். அறையை மாற்றினால் அந்தப் பாடம் தடுமாறுகிறது என்று அவர்களே எழுதியும் இருக்கிறார்கள்.

அதாவது, கேமரா வேண்டாம் என்பதற்கு மாமா காட்டிய சாட்சியே கேமராவிடம் படித்துவிட்டு வந்ததுதான்.

சரி, நம்மிடம் இருப்பது என்ன? இணைய இணைப்போடு கொடுத்துவிட்டுப் போன ஒரே ஒரு ரூட்டர். அது சி.எஸ்.ஐ. கணக்கை வெளியே தராது, இங்கே வீடுகளில் இருக்கும் பெரும்பாலான ரூட்டர்கள் தராது. இதற்கென்றே 802.11பி.எஃப். என்ற தரத்தை 2020-ல் எழுதத் தொடங்கி 2025-ல் முடித்திருக்கிறார்கள், இனி வரும் கருவிகளில் இது சாதாரணமாகிவிடலாம், ஆனால் நம்முடையது பழசு. அதுவும் போக ஒரு முனை மட்டும் இருந்தால் போதாது, அனுப்ப ஒன்று, கேட்க ஒன்று என்று இரண்டாவது வேண்டும். 2022-ல் பிலிப்ஸ் விளக்குகளைச் செய்யும் சிக்னிஃபை நிறுவனத்தின் விஸ் பல்புகளுக்கு வைஃபை வழியாக அசைவைக் கண்டுபிடிக்கும் வசதி வந்தபோதும் அறைக்குக் குறைந்தது இரண்டு விளக்கு இருக்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள். அதனால் ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், வைஃபை உள்ள ஈ.எஸ்.பி. 32 என்ற சின்ன சர்க்யூட் போர்டு இரண்டு வாங்கினேன், இவை சி.எஸ்.ஐ.யை ஒளிக்காமல் தருகிறவை. ஒன்றை ஷட்டர் பக்கம், இன்னொன்றை உள்கோடியில் வைத்து, நொடிக்கு நூறு பாக்கெட் (சின்னத் தரவுத் துண்டு) அனுப்பவிட்டு, ஏற்ற இறக்கம் ஒரு அளவுக்கு மேல் போனால் என் போனுக்குச் செய்தி வருகிற மாதிரி எழுதினேன். எழுதினேன் என்று பெருமையாகச் சொல்கிறேன், முக்கால்வாசி யாரோ எழுதிப் போட்டதுதான்.

முதல் ராத்திரியே பத்தரை மணிக்குச் செய்தி வந்துவிட்டது. பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஷட்டர் பூட்டினது பூட்டினபடி. உள்ளே யாரும் இல்லை. மறுநாளும் பத்தரை. மூன்றாம் நாள் பத்து மணிக்கே போய் சந்தில் நின்றுகொண்டேன், அப்போதுதான் விளங்கியது. ஒட்டின கட்டடத்தில் ராத்திரி பேக்கிங் வேலை, நாலு பையன்கள் கட்டைத் தூக்கிக்கொண்டு நடுச்சுவரை ஒட்டி நடக்கிறார்கள். சுவருக்கு அங்கிட்டு நடப்பதைக் காட்டும் என்று மாமா ஆசைப்பட்டாரே, காட்டிவிட்டது. என்ன, அந்தச் சுவருக்கு அங்கிட்டு இருப்பது நம் இடம் இல்லை.

இதை எந்த விளம்பரத்திலும் பார்க்க மாட்டீர்கள். தோட்டத்துக்கு நடுவே தனியாக நிற்கும் மரவீடுகளில் சுவரைத் தாண்டும் குணம் வரம். நம் மாசி வீதிகளிலும் செல்லூரிலும் பொதுச்சுவர் வீடுகளில் அது தலைவலி. செங்கல் சுவர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் குறைக்கும், தடுக்காது. இரும்பு ஷட்டர் நன்றாகத் தடுக்கிறது, அதனால் சந்தில் போகிறவர்களால் எனக்குத் தொந்தரவே வரவில்லை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டு போர்டுக்கும் நடுவில் உள்ள நேர்கோட்டை ஒட்டித்தான் இந்த முறைக்குக் கூர்மை அதிகம். இரண்டும் எட்டு மீட்டர் தள்ளி இருந்தால், நடு மத்தியில் கோட்டைச் சுற்றி ஏறக்குறைய அரை மீட்டர் வட்டத்துக்குள் வரும் ஆள் அலையை அதிகமாகக் கலைப்பார், விலக விலகப் பாதிப்பு குறையும். நான் முதலில் கோட்டைப் பொதுச்சுவரை ஒட்டியே போட்டிருந்தேன், முட்டாள்தனம். தகரக் கூரைக்கு நேர் கீழே, குடோனின் நடுவில் குறுக்காகப் போகிற மாதிரி மாற்றி, அனுப்பும் பலத்தையும் குறைத்தேன். அடுத்த வாரம் பேக்கிங் பையன்களால் ஒரு செய்தியும் வரவில்லை. அட்டத்தில் ஓடின பெருச்சாளியால் இரண்டு வந்தது. அதற்கு அடுத்த வாரம் சின்னாளபட்டியிலிருந்து சுங்குடிச் சரக்கு வந்து இறங்கி, கட்டுகளை உத்தரம் வரை அடுக்கினார்கள், அவ்வளவுதான், பழைய அளவு எதுவும் ஒத்துவரவில்லை, எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்து வைக்க வேண்டியதாயிற்று. காலி இடத்துக்கு ஒரு அளவு, நிரம்பிய இடத்துக்கு வேறு அளவு. ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் இருக்கிற ஊரில் ஜவுளி குடோன் எந்த மாதம் ஒரே மாதிரி இருந்திருக்கிறது?

இதோடு ஒப்பிட வேண்டிய முதல் ஆள் பி.ஐ.ஆர். சென்சார், வங்கியிலும் ஏ.டி.எம்.மிலும் மூலையில் வெள்ளையாக மினுக்கிக்கொண்டிருக்குமே, அது. நூறு ரூபாய்க்குள் சில்லு கிடைக்கிறது, கரண்டு தின்னாது, சுவரைத் தாண்டாது. உடம்புச் சூட்டுக்கும் பின்னால் உள்ள சுவரின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம் நகர்வதைத்தான் அது பார்க்கிறது. இங்கேதான் மதுரை இடிக்கிறது. நம் தோலின் வெப்பம் 33, 34 டிகிரியைச் சுற்றி இருக்கும். சித்திரை வெயிலில் நாள் முழுக்கக் காய்ந்த தகரக் கூரைக்குக் கீழே, அடைத்துக் கிடக்கும் குடோனுக்குள், ராத்திரி ஒன்பது மணிக்கும் சுவர் அதே சூட்டில்தான் இருக்கும். வித்தியாசம் இல்லை என்றால் அதற்குக் கண் தெரியாது. மார்கழியில் ஏழு மீட்டரில் பிடித்த சென்சார் மே மாதத்தில் கிட்டே போய்க் கையை ஆட்டினால்தான் பிடிக்கிறது என்று வாடிக்கையாளர்கள் என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். அப்புறம், சேலைக் கட்டு மறைத்தால் அதற்குப் பின்னால் என்ன நடந்தாலும் தெரியாது. வைஃபைக்கு வெயிலும் ஒன்றுதான், அளவை மட்டும் மாற்றி வைத்துவிட்டால் துணி மூட்டையும் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த ஒரு விஷயத்தில் வைஃபை அடித்துத் தூக்கிவிடுகிறது.

கேமராவுக்கு வருவோம். அந்தப் பக்கத்துக் குடோன் கதையில் கேமரா தோற்றது என்று மாமா சொல்கிறார், எனக்கு அப்படித் தோன்றவில்லை, கேமராவை எங்கே திருப்பி வைப்பது என்று முடிவு செய்த ஆள் தோற்றிருக்கிறார். கேமரா பார்த்த இடத்தை மட்டும்தான் பார்க்கும். ஆனால் பார்த்ததை முகத்தோடு காட்டும். போலீஸ் வந்ததும் முதல் கேள்வியே கேமரா இருக்கா என்பதுதான். கோர்ட்டுக்குப் போனாலும் 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-ம் பிரிவுப்படி சான்றிதழ் கொடுத்துப் பதிவை ஆவணமாக வைக்க வழி இருக்கிறது. என் ஈ.எஸ்.பி. போர்டு கொடுக்கும் ஏறி இறங்கும் கோட்டை நீதிபதி முன்னால் வைத்து, ஐயா, இந்த மேடுதான் திருடன் என்று சொன்னால் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்.

கேமராவின் கஷ்டங்களும் உண்டு. இரண்டு மெகாபிக்சலில் நாலு கேமரா, ஒவ்வொன்றும் ஒன்றரை மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு டெராபைட் டிஸ்க் பதினைந்து நாளில் நிரம்பி, பழசை அழிக்கத் தொடங்கிவிடும், பதினாறாம் நாள் சரக்கு எண்ணிப் பார்த்துக் குறைவது தெரிந்தால் பிரயோஜனமில்லை. விவரமான திருடன் போகும்போது பதிவெல்லாம் இருக்கும் டி.வி.ஆர். பெட்டியையே அக்குளில் வைத்துக்கொண்டு போய்விடுவான், அதனால் பெட்டியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று நான் தொண்டை வறளக் கத்துகிறேன், கேட்பார் இல்லை. கம்பியில்லாத வைஃபை கேமரா என்றால் இணைப்பைத் துண்டிக்கச் செய்யும் போலிப் பாக்கெட்டுகளை அனுப்பிப் பழைய ரூட்டர்களில் அதைக் குருடாக்கிவிடலாம், ஆகவே வயர் இழுத்துப் போடுவதே மேல். வாங்கும்போது மத்திய அரசின் தரச் சோதனை அமைப்பான எஸ்.டி.க்யூ.சி.யின் சான்று உள்ள மாடலா என்று பாருங்கள், 2025 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம்.

போன் வைத்துக் கண்காணிப்பது என்று இன்னொரு முறை இருக்கிறது, மாமா அதையும் கேட்டார். நம் போன் அக்கம்பக்கத்து வைஃபையைத் தேடும்போது தன் அடையாள எண்ணைச் சொல்லிக்கொண்டே போகும், அதைப் பிடித்து யார் வந்தார், யார் போனார் என்று கணக்கெடுப்பது. 2013-ல் லண்டனில் தெருவோரக் குப்பைத் தொட்டிகளுக்குள் இப்படி ஒரு கருவியை வைத்துப் போகிறவர் வருகிறவரை எண்ணினார்கள், விஷயம் வெளியே வந்ததும் நகர நிர்வாகம் நிறுத்தச் சொல்லிவிட்டது. அதன் பிறகு போன்களே உஷாராகிவிட்டன. ஐபோன் 2014-லிருந்து தேடும்போது போலி எண்ணைச் சொல்கிறது, ஆண்ட்ராய்டு 8 வந்த 2017-லிருந்து அங்கேயும் அது வழக்கமாகிவிட்டது. எப்படியும் திருட வருகிறவன் போனை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் கதை முடிந்தது. நம் மீனாட்சியம்மன் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள், 2018-லிருந்து உள்ளே செல்போனுக்குத் தடை, அத்தனை ஆயிரம் பேரில் ஒருவரையும் இந்த முறையால் எண்ண முடியாது. இதை மாமா உடனே ஒத்துக்கொண்டார். மேலே போகலாம்.

ரேடார் சில்லுகள் பற்றி நியாயமாக இன்னும் நிறைய எழுத வேண்டும். 24 அல்லது 60 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்பவை, சின்னதாகத் தீப்பெட்டி அளவுக்குக்கூட வராது, 24-ல் ஐந்நூறு ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. ஆள் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்குவதைப் பிடித்துவிடும். 60 கிகாஹெர்ட்ஸ் அலை செங்கல் சுவரைத் தாண்டாது, எனக்கு இது பெரிய நிம்மதி. கெட்ட பழக்கம் ஒன்றுதான், சுற்றும் ஃபேனை ஆள் என்று நினைத்துவிடும். ஃபேன் ஓடாத வீடு நம் ஊரில் ஏது? கூரையில் மாட்டாமல் சுவரில் ஒரு ஆள் நெஞ்சு உயரத்துக்கு வைத்து, பார்வை ஃபேன் இறக்கைக்குக் கீழேயே இருக்கும்படி சாய்த்துவிட வேண்டும். ஐந்து மீட்டருக்கு மேல் சின்னச் சில்லுகளை நம்பக் கூடாது, பெரிய குடோனுக்கு நாலைந்து தேவைப்படும்.

இதற்கு நடுவில் ஒரு நாள் குடோனில் நடந்ததைச் சொல்ல வேண்டும். லேப்டாப்பில் கோடு ஏறி இறங்குவதை மாமா பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாக, "மாப்ளே, அப்ப பகல்ல இந்தப் பயலுக எத்தன தடவ டீ குடிக்க வெளிய போறாய்ங்கன்னும் தெரிஞ்சுருமே?" என்றார்.

தெரியும். அதுதான் சிக்கல். 2025-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்ப நிறுவனத்தில் 197 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். போனும் ரூட்டரும் தங்களுக்குள் மறைக்காமல் பேசிக்கொள்ளும் ஒரு சாதாரண சமிக்ஞையை மட்டும் கேட்டு, நடக்கிறவர் யார் என்று ஏறக்குறையத் தவறே இல்லாமல் சொல்லிவிட்டார்கள். கையில் போன் இருக்க வேண்டியதும் இல்லை. ஆனால் முதலில் ஒவ்வொருவரையும் நடக்க வைத்துக் கணினிக்குப் பழக்க வேண்டும். திருடன் முன்கூட்டியே வந்து நடந்து காட்டிவிட்டா போகப் போகிறான்? தினமும் அந்த அறையில் நடக்கிறவர்கள் யார்? கடைப் பையன், கணக்குப்பிள்ளை, வீட்டில் மருமகள், அம்மாச்சி. திருடனைப் பிடிக்க வாங்கும் பொருள் திருடனை "யாரோ" என்று மட்டும் சொல்லும், நம் ஆட்களைப் பெயரோடு சொல்லும். எனக்கு இந்த முறையிலேயே உறுத்துவது இதுதான், இதைத்தான் மாமாவிடம் சத்தமாகச் சொன்னேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது, தனிநபர் தரவுக்கு 2023-ல் சட்டமும் வந்துவிட்டது, அதையெல்லாம்கூட விடுங்கள், பத்து வருடமாக உங்களிடம் வேலை பார்க்கும் பையன் டீக்கடைக்குப் போவதைச் சுவருக்குள்ளிருந்து எண்ணினால் அவன் முகத்தில் எப்படி விழிப்பீர்கள் மாமா? கேமரா என்றால் அது மாட்டியிருப்பது அவனுக்குத் தெரியும், அதைப் பார்த்து ஒரு கும்பிடாவது போடுவான். இது கண்ணுக்கே தெரியாதே.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு வரைக்கும் மட்டும் ஓடுற மாதிரி வையி" என்றார்.

அதே கண்ணுக்குத் தெரியாத தன்மை நமக்கு எதிராகவும் திரும்பும். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் ஒரு பாதுகாப்பு மாநாட்டில் வைத்த கட்டுரையில், வீட்டுக்கு வெளியே ஒரே ஒரு சாதாரண ரிசீவரை வைத்துக்கொண்டு, பாஸ்வேர்டு எதுவும் தெரியாமல், உள்ளே எந்த அறையில் ஆள் அசைகிறது என்று கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்கள். பாஸ்வேர்டு செய்தியைத்தான் பூட்டும், அலையைப் பூட்டாது. அதனால் இந்தச் சென்சார் விஷயமே வேண்டாம் என்பவர்களும் ரூட்டரை ஜன்னல் ஓரத்தில் வைக்காமல் வீட்டின் நடுவில் வைப்பது நல்லது. இரும்பு ஷட்டர் இருக்கும் குடோனில் இந்தப் பயம் கம்மி.

கரண்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எல்லாம் வீண். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போனால் சாயங்காலம்தான் வரும், ராத்திரியில் ஃபீடர் போனால் எப்போது வரும் என்று அந்த லைன்மேனுக்கே தெரியாது. ரூட்டர் அணைந்தால் என் போனுக்குச் செய்தி வராது. போர்டு இரண்டும் பவர்பேங்கிலேயே ஒரு ராத்திரி ஓடிவிடும், ரூட்டருக்கு மட்டும் பன்னிரண்டு வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்று போட்டேன். பாக்கெட் வருவது நின்றுபோனாலே மணி அடிக்க வேண்டும் என்றும் எழுதி வைத்தேன். வயரை அறுத்தாலும், அலையைக் குழப்பினாலும், போர்டு செத்தாலும் அதுவே எச்சரிக்கை ஆகிவிடும். சைரன் குடோனுக்குள்ளேயே தனியாக, இணையத்தை நம்பாமல். பத்துத்தூண் சந்தில் ராத்திரி ரெண்டு மணிக்குச் சைரன் அடித்தால் என் போனுக்குச் செய்தி வருவதற்கு முன்னால் பேக்கிங் பையன்கள் ஓடி வந்துவிடுவார்கள். ஒரு வாரம் நமக்குத் தொந்தரவாக இருந்தவர்கள்தான் கடைசியில் நம் வாட்ச்மேன்.

ஆகக் குடோனுக்கு நான் போட்டது இது. ஷட்டருக்கு இருநூறு ரூபாய்க் காந்த சுவிட்ச், மலிவான பொருள்தான், ஆனால் இந்தக் கட்டுரையில் வந்தவற்றில் பொய் சொல்லாதது அதுதான். கூரை வழி வருகிறவனுக்கு வைஃபை கோடு, அது மணி அடித்தால் உடனே உள்ளே விளக்கு எரிந்து, கூரையையும் நடைபாதையையும் பார்க்கிற இரண்டு கேமரா பதியத் தொடங்கும். வைஃபை "யாரோ இருக்கான்" என்று சொல்ல, கேமரா "இவன்தான்" என்று சொல்ல. நாலு கேமரா இரண்டானதில் மாமாவுக்குக் கொஞ்சம் காசு மிச்சம், எனக்குக் கொஞ்சம் நஷ்டம், சொந்தக்காரர் ஆயிற்றே என்று விட்டுவிட்டேன்.

சோழவந்தான் தோப்புக்கு வைஃபை யோசனையே வேண்டாம் என்றேன். அங்கே இணைப்பும் இல்லை, சுவரும் இல்லை, காற்றடித்தால் தென்னை மட்டையும் கொடிக்கால் இலையும் ஆடுகிற ஆட்டத்தில் கோடு ஒரு நிமிடம் நிற்காது. மோட்டார் ரூம் கதவுக்குக் காந்த சுவிட்ச், மோட்டாருக்குப் போகும் வயரை அறுத்தால் சிம் கார்டு வழியாகக் கூப்பிடும் பெட்டி ஒன்று, போதும்.

அம்மாச்சி வீடுதான் எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. பெங்களூரில் இருக்கும் சின்ன மாமா முன்பே அங்கே ஒரு கேமரா வாங்கி மாட்டிவிட்டுப் போயிருந்தார், திருட்டுப் பயம் பாதி, அம்மாச்சி விழுந்துவிட்டால் தெரிய வேண்டுமே என்பது பாதி. அம்மாச்சி அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறார். "நான் மாராப்பு ஒதுங்கிக் கெடக்கையில எந்தூர்ல இருந்து எவன் பாக்குறான்னு எனக்கென்ன தெரியும்" என்று கேட்டார், பதில் சொல்ல முடியவில்லை.

வைஃபை வைத்தால் படம் கிடையாது, கேமரா மாதிரி கூச்சமும் இருக்காது என்று முதலில் நினைத்தேன். செல்லூர் வீடு இரண்டு பக்கமும் பொதுச்சுவர். காலை எட்டு மணி வரை வீட்டில் அசைவே இல்லை என்றால் மாமாவுக்குச் செய்தி போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அம்மாச்சி உள்ளே விழுந்து கிடக்கும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சுவரோரம் ஓடி விளையாடினால், அசைவு இருக்கிறது, எல்லாம் சரி என்று அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். குடோனில் தப்பாக மணி அடித்தால் நான் பைக்கில் அலைவதோடு சரி. இங்கே அது தப்பாக அடிக்காமல் இருந்துவிட்டால்? அதனால் வைஃபையை அங்கே வேண்டாம் என்று அடித்துவிட்டேன். 60 கிகாஹெர்ட்ஸ் ரேடார் ஒன்று கூடத்தில், ஒன்று குளியலறையில், இரண்டும் பக்கத்து வீட்டைப் பார்க்காது, யார் முகமும் அதில் பதியாது. பின்கதவுக்கு ஒரு காந்த சுவிட்ச்.

போன ஞாயிற்றுக்கிழமை ரேடார் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அம்மாச்சியிடம் காட்டினேன்.

"இது பாக்குமாய்யா?"

"பாக்காது அம்மாச்சி. அசையுறீங்களா, மூச்சு விடுறீங்களான்னு மட்டும் தெரிஞ்சுக்கிரும்."

"துண்டு போட்டு மூடுனா?"

மெல்லிசான துணி ரேடாருக்கு ஒரு பொருட்டே இல்லை. சொல்லாமல் விட்டிருக்கலாம், சொல்லிவிட்டேன். அம்மாச்சி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இரு, நான் ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்றேன்" என்று அதை எடுத்து அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, காபி போட எழுந்து போனார். இன்றோடு நாலு நாள் ஆகிறது.